தீவுக்குக் குடிபோன இசை மேதை

சொந்த ஊரை விட்டுப் போவது என்றால் யாருக்கும் மனம் கலங்கும்.

அதுவும் ஓர் ஊர் முழுவதுமே மூட்டை முடிச்சுடன் புறப்பட வேண்டும் என்றால்?

அப்படி ஒரு பயம் ஒரு கடற்கரை ஊருக்கு வந்தது. அந்த ஊரின் பெயர் ஸ்ட்ராம்னெஸ். ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடலுக்கு நடுவில் ஆர்க்னித் தீவுகள் இருக்கின்றன. அந்தத் தீவுகளில் உள்ள சிறு துறைமுகம் ஸ்ட்ராம்னெஸ். ஜனத்தொகை சுமார் 2,000.

1970-களில் அந்த ஊருக்குப் பக்கத்தில், பூமிக்கு அடியில் யுரேனியம் இருப்பது தெரிய வந்தது. அணு உலைகளுக்கு எரிபொருளாகும் உலோகம் அது. அதைத் தோண்டி எடுக்கும் எண்ணம் மின்சார வாரியத்துக்கு உண்டாயிற்று.

"சுரங்கம் வந்தால் மாடு மேயும் புல் என்ன ஆகும்? குடிக்கிற தண்ணீர் என்ன ஆகும்? கடலில் பிடிக்கிற மீன் என்ன ஆகும்?" என்று மக்கள் கவலைப்பட்டார்கள். ஒன்று கூடி எதிர்த்தார்கள்.

அந்தத் தீவுகளில் அப்போது ஓர் இசை அமைப்பாளர் குடியிருந்தார். உலகப் புகழ் பெற்றவர். அவரும் ஊர் மக்களுடன் சேர்ந்து கொண்டார். தமக்குத் தெரிந்த ஆயுதத்தைக் கையில் எடுத்தார். அது பியானோ!

அவர் பெயர் பீட்டர் மாக்ஸ்வெல் டேவிஸ்.

நான்கு வயதில் எடுத்த முடிவு

டேவிஸ் இங்கிலாந்து நாட்டுக்காரர். மாஞ்செஸ்டர் நகரத்தை ஒட்டிய சால்போர்டு என்ற ஊரில் 1934-ம் ஆண்டு செப்டம்பர் 8-ந் தேதி பிறந்தார். ஆலைப் புகை சூழ்ந்த தொழிலாளர் ஊர் அது. தகப்பனாரும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்தான்.

டேவிசுக்கு 4 வயது இருக்கும்போது பெற்றோர்கள் அவரை ஓர் இசை நாடகத்துக்கு அழைத்துச் சென்றார்கள். நாடகம் முடிந்தது. குழந்தையின் மனதில் ஒரு முடிவு பிறந்தது. "நானும் இப்படி இசை எழுதுவேன்" என்பதுதான் அந்த முடிவு.

பிறகு இரண்டாவது உலகப் போர் வந்தது. 1940-ம் ஆண்டு மாஞ்செஸ்டர் மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு மாரி பொழிந்தன. டேவிசுக்கு அப்போது வயது 6. வெளியே குண்டு வெடிக்கும். உள்ளே, பயம் தெரியாமல் இருக்க, சாவி கொடுக்கும் கிராமபோனில் நடன இசைத் தட்டுகளைப் போட்டுக் கேட்பார்கள். அந்த நடன மெட்டும் குண்டுச் சத்தமும் அவர் நெஞ்சில் ஒன்றாகப் பதிந்து விட்டன. பெரியவர் ஆன பிறகு அவர் எழுதிய இசையில் அந்தப் பழைய நடன மெட்டுகள் திடீர் திடீர் என்று தலை காட்டும். கேட்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும்; கொஞ்சம் பயமாகவும் இருக்கும்.

தடை போட்ட பள்ளிக்கூடம்

பையன் வளர்ந்தான். உயர்நிலைப் பள்ளிக்குச் சென்றான். "பரீட்சைக்கு சங்கீதத்தை ஒரு பாடமாக எடுத்துக் கொள்கிறேன்" என்று கேட்டான்.

தலைமை ஆசிரியர் மறுத்து விட்டார். சங்கீதம் எல்லாம் பெண் பிள்ளைகள் படிப்பது என்பது அவர் எண்ணம்.

பையன் சோர்ந்து போகவில்லை. மாஞ்செஸ்டரில் பெரிய இசை நூலகம் ஒன்று உண்டு. அங்கே போய்ப் பெரிய மேதைகள் எழுதிய இசை ஏடுகளை எடுத்துத் தானே படித்தான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மேல்நாட்டு இசையில் இசை அமைப்பது என்பது பாட்டுக்கு மெட்டுப் போடுவது மட்டும் அல்ல. 80 பேர் சேர்ந்து வாசிக்கிறார்கள் என்றால், அந்த 80 பேரும் எந்த நேரத்தில், எந்த ஸ்வரத்தை, எவ்வளவு உரக்க வாசிக்க வேண்டும் என்று தாளில் எழுதித் தரவேண்டும். ஒரு வீடு கட்டுவதற்கு முன் படம் போடுகிறோம் அல்லவா, அதைப் போல. அந்தப் படத்தைப் பார்த்ததும் மனதுக்குள் இசை கேட்க வேண்டும். அந்த வித்தையைத்தான் டேவிஸ் நூலகத்தில் உட்கார்ந்து கற்றார்.

1952-ம் ஆண்டு மாஞ்செஸ்டரில் மேல்படிப்புக்குச் சேர்ந்தார். அங்கே அவருக்கு நல்ல நண்பர்கள் கிடைத்தார்கள். ஹாரிசன் பர்ட்விசில், அலெக்சாண்டர் கோர், பியானோ கலைஞர் ஜான் ஆக்டன் ஆகியோர் அவர்களில் சிலர். பிற்காலத்தில் எல்லோருமே பெரும் புகழ் பெற்றார்கள்.

மாணவராக இருந்தபோது டேவிஸ் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். அது எதைப் பற்றி தெரியுமா? நமது இந்திய இசையைப் பற்றி!

வாத்தியார் வேலை

படிப்பு முடிந்தது. இத்தாலி நாட்டுக்குப் போய் மேலும் கற்றுத் திரும்பினார். 1959-ம் ஆண்டு சைரன்செஸ்டர் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சங்கீத வாத்தியாராக வேலை கிடைத்தது.

வாத்தியார் வேலை என்றால் அலுப்பு என்று பலர் நினைப்பார்கள். டேவிஸ் அப்படி நினைக்கவில்லை.

"குழந்தைகளுக்குப் பழைய பாட்டைப் பாடத் தெரிந்தால் போதாது. புதிய இசையை அவர்களே உண்டாக்க முடியும்" என்பது அவர் நம்பிக்கை. மாணவர்களைத் தாங்களாகவே இசை எழுதும்படி தூண்டினார். அவர்களுக்கு என்றே புதிய பாடல்களும் வாத்திய இசையும் எழுதிக் கொடுத்தார். 1960-ம் ஆண்டு கிறிஸ்துமசுக்காக அவர் எழுதிய இசையில், பிள்ளைகள் தங்கள் கற்பனையில் வாசிக்கவும் இடம் விட்டிருந்தார்.

3 ஆண்டுகள்தான் அவர் அங்கே வேலை பார்த்தார். ஆனால் அங்கே பிறந்த எண்ணம் கடைசி வரை அவரை விட்டுப் போகவில்லை.

1962-ம் ஆண்டு அமெரிக்கா சென்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்தார்.

எழுந்து போன ரசிகர்கள்

தாயகம் திரும்பிய டேவிஸ், 1969-ம் ஆண்டு லண்டனையே திடுக்கிட வைத்தார்.

அந்த ஆண்டு அவர் எழுதிய ஓர் இசை நாடகம், பைத்தியம் பிடித்த ராஜாவைப் பற்றியது. அந்த ராஜா கற்பனைப் பாத்திரம் அல்ல. இங்கிலாந்தை ஆண்ட மூன்றாம் ஜார்ஜ் மன்னர்தான். மனம் பேதலித்த அந்த மன்னர், தாம் வளர்த்த குருவிகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்க முயன்றாராம்.

மேடையில் வாத்தியக்காரர்கள் பெரிய கூண்டுகளுக்குள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள்தான் குருவிகள்! ராஜாவாக நடிப்பவர் பாடுவார், அழுவார், கூச்சலிடுவார். கடைசியில் பிடில்காரரின் கையில் இருந்து பிடிலைப் பிடுங்கி உடைத்து விடுவார். பார்த்தவர்கள் அதிர்ந்து போனார்கள். ஆனால் அது வெறும் வேடிக்கை அல்ல. சித்தம் கலங்கிய ஒரு மனிதனின் வேதனையை நேருக்கு நேர் காட்டிய நாடகம் அது. இன்று வரை உலகின் பல நாடுகளில் அது நடிக்கப்பட்டு வருகிறது.

அதே ஆண்டில் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் அவருடைய இன்னோர் இசை அரங்கேறியது. நீளமான இசை, கடினமான இசை. வாசித்துக் கொண்டு இருக்கும்போதே ரசிகர்களில் பலர் எழுந்து வெளியே போய் விட்டார்கள்.

புகழும் வந்தது. வசையும் வந்தது. டேவிசுக்கோ அமைதி வேண்டியிருந்தது.

மலைச்சரிவில் ஒரு வீடு

1970-ம் ஆண்டு அவர் ஆர்க்னித் தீவுகளைப் பார்க்கப் போனார். போன இடத்தில், ஸ்ட்ராம்னெஸ் ஊர்க் கவிஞர் ஜார்ஜ் மக்கே பிரவுன் எழுதிய ஒரு புத்தகத்தைப் படித்தார். அந்தத் தீவுகளின் கதையைச் சொல்லும் புத்தகம் அது. அந்தக் கவிஞரையே நேரில் சந்திக்கும் வாய்ப்பும் கிடைத்தது. அன்று தொடங்கிய நட்பு ஆயுள் முழுவதும் நீடித்தது.

ஆர்க்னியில் சுமார் 70 தீவுகள் உண்டு. அவற்றில் 20 தீவுகளில்தான் ஆட்கள் வசிக்கிறார்கள். எல்லாத் தீவுகளையும் சேர்த்தால் இன்றைய ஜனத்தொகை சுமார் 22,000. மரங்கள் மிகக் குறைவு. எப்போதும் கடல் காற்று. குளிர் காலத்தில் பகல் சில மணி நேரம்தான். ஜூன் மாதத்திலோ நள்ளிரவில் கூட முழு இருட்டு வராது.

அந்தத் தீவுகளில் ஒன்றின் பெயர் ஹாய். அங்கே கடலைப் பார்த்தபடி ராக்விக் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. ஒரு காலத்தில் பல குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. பிழைப்புத் தேடி ஒவ்வொரு குடும்பமாக வெளியேறி விட்டது. வீடுகள் பாழடைந்து கிடந்தன.

அப்படிப் பாழடைந்த ஒரு குடியானவர் வீட்டைத்தான் டேவிஸ் தேர்ந்தெடுத்தார். பழுது பார்த்துக் குடியேறினார். மின்சாரம் கிடையாது. எல்லோரும் விட்டுப் போன இடத்துக்கு இவர் விரும்பிப் போனார்!

லண்டன் நண்பர்கள், "இவர் ஏன் உலகத்தின் மூலைக்குப் போகிறார்?" என்று வியந்தார்கள்.

ஆனால் அந்த மூலையில்தான் அவருக்குப் புதிய இசை பிறந்தது. பாறையில் மோதும் அலை, கடற்பறவையின் குரல், காற்றின் ஓலம் எல்லாம் அவர் இசையில் புகுந்தன. சிம்பொனி என்பது, பெரிய வாத்தியக் குழு சேர்ந்து வாசிக்கும் நீண்ட இசை. டேவிஸ் தம் முதல் சிம்பொனியை அந்தத் தீவில் இருந்தபடி எழுதினார். அது 1978-ம் ஆண்டு லண்டனில் அரங்கேறியது. வாத்தியக் குழுவை நடத்தியவர் சைமன் ராட்டில் என்ற 23 வயது இளைஞர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். கடைசியில் மீண்டும் வரும்.

தீவுக்கு வந்த திருவிழா

"நான் எழுதும் இசையைக் கேட்க லண்டன்காரர்கள் இருக்கிறார்கள். என் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு என்ன செய்தேன்?"

இந்தக் கேள்விக்கு டேவிஸ் தந்த பதில், ஓர் இசை விழா.

1977-ம் ஆண்டு ஜூன் மாதம் அந்த விழா ஆரம்பமாயிற்று. கவிஞர் பிரவுனும் உள்ளூர் அன்பர்களும் அவருடன் சேர்ந்து நடத்தினார்கள். ஆர்க்னியின் தலைநகர் கிர்க்வால். அங்கே செம்மண் நிறக் கல்லால் கட்டிய பெரிய கோவில் இருக்கிறது. கட்ட ஆரம்பித்த ஆண்டு 1137. மாக்னஸ் என்ற அருளாளரின் பெயரால் எழுந்த கோவில் அது. போர் செய்ய மறுத்து, சொந்தத் தாயாதியால் கொலையுண்ட தலைவர் அவர்.

அந்த மாக்னஸ் கதையையே டேவிஸ் இசை நாடகமாக எழுதினார். அந்தக் கோவிலுக்கு உள்ளேயே அது அரங்கேறியது.

அது முதல் விழா ஆண்டுதோறும் வளர்ந்தது. வெளியூரில் இருந்து பெரிய வாத்தியக் குழுக்கள் வரும். உள்ளூர் மக்கள் கூடிப் பாடுவார்கள். பள்ளிப் பிள்ளைகள் மேடை ஏறுவார்கள். 1978-ம் ஆண்டு கிர்க்வால் பள்ளிப் பிள்ளைகளுக்காக டேவிஸ் ஓர் இசை நாடகம் எழுதினார். பூதங்களிடம் சிக்கிக் கொண்ட பிடில்காரனின் கதை அது. ஓர் இரவுதான் கழிந்தது என்று அவன் நினைக்கிறான். வெளியே வந்து பார்த்தால், பல ஆண்டுகள் ஓடி விட்டன! தீவுப் பாட்டிமார்கள் சொல்லி வந்த கதையைத் தீவுக் குழந்தைகளே பாடி நடித்தார்கள்.

யுரேனியத்துக்குப் பதில்

இப்போது, தொடக்கத்தில் சொன்ன யுரேனியம் கதைக்கு வருவோம்.

மண்ணில் இருந்து எடுத்த யுரேனியத்தை அரைத்துப் பதப்படுத்தினால் மஞ்சள் தூள் கிடைக்கும். அந்தத் தொழிலில் அதற்கு "மஞ்சள் கேக்" என்று பெயர். தின்கிற கேக் அல்ல!

டேவிஸ் இந்தப் பெயரையே கேலியாக எடுத்துக் கொண்டார். "மஞ்சள் கேக்" என்ற தலைப்பில் பாட்டும் பேச்சும் கலந்த ஒரு நிகழ்ச்சியை எழுதினார். 1980-ம் ஆண்டு ஜூன் விழாவில் அது நடந்தது. எலினார் பிரான் என்ற நடிகை பாடி நடித்தார். டேவிசே பியானோ வாசித்தார். சிரிப்பு இருந்தது. சிரிப்புக்குள் சாட்டையடி இருந்தது.

நிகழ்ச்சியின் நடுவே பாட்டு நின்றது. பியானோ மட்டும் தனியாக ஒலித்தது. சுமார் 5 நிமிடம். "ஸ்ட்ராம்னெசுக்குப் பிரியாவிடை" என்பது அந்த இசையின் பெயர்.

இடது கை ஒரே சீராக, மெதுவாக, அடி மேல் அடி வைப்பது போல வாசிக்கிறது. வலது கையில் ஒரு நாட்டுப்புற மெட்டு. நடுவில் துயரம் பொங்குவது போல இசை உயர்கிறது. பிறகு தணிந்து, பழைய நடைக்கே வந்து விடுகிறது.

அந்தக் காலடி யாருடையது? டேவிசே சொல்லி இருக்கிறார். மண் நஞ்சாகிப் போனதால், வீடு வாசலை விட்டு வெளியேறும் ஸ்ட்ராம்னெஸ் மக்களின் காலடி அது.

அரங்கில் உட்கார்ந்து இருந்தவர்களும் அந்த மக்கள்தான். தங்களுக்கு வரக் கூடிய கதியைத் தங்கள் காதாலேயே கேட்டார்கள்!

ஒரு பியானோ இசையால் மட்டும் சுரங்கம் நின்று விடாது. நிறுத்தியது ஊர் மக்களின் ஒற்றுமை. ஆனால் அவர்கள் மனதில் இருந்த பயத்துக்கும் பாசத்துக்கும் அந்த இசை குரல் கொடுத்தது. சுரங்கம் கடைசி வரை தோண்டப்படவே இல்லை.

டேவிஸ் தம் வாழ்நாளில் 300-க்கு மேற்பட்ட இசைப் படைப்புகளை எழுதினார். ஆனால் அதிகம் பேருக்குத் தெரிந்தது இந்தச் சின்னஞ்சிறு இசைதான். பியானோ பழகும் பிள்ளைகள் கூட இதை வாசிக்கிறார்கள்.

அரண்மனை அழைத்தது

1985-ம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகர வாத்தியக் குழுவுக்காக ஓர் இசை எழுதினார். அது ஹாய் தீவில் நடக்கும் ஒரு கல்யாணம். விருந்தினர் புயலில் நனைந்து வருகிறார்கள். ஆட்டம் பாட்டம் நடக்கிறது. மது அருந்திய வாத்தியக்காரர்கள் தாளம் தப்புகிறார்கள். எல்லாம் முடிந்து வீடு திரும்பும்போது கிழக்கு வெளுக்கிறது. அந்த நேரத்தில் ஸ்காட்லாந்து உடை அணிந்த ஒருவர் பைக் குழலை ஊதிக் கொண்டு வருகிறார். அதுதான் சூரிய உதயம்! குழந்தைகளும் ரசிக்கும் இசை இது.

1987-ம் ஆண்டு டேவிசுக்கு "சர்" பட்டம் கிடைத்தது. 1997-ம் ஆண்டின் இறுதியில் அவர் பனிக் கப்பலில் ஏறி அண்டார்டிகா சென்றார். பனிக்கட்டியை உடைத்துக் கொண்டு கப்பல் போகும் சத்தத்தை மனதில் வாங்கி வந்தார். அதை வைத்துத் தம் எட்டாவது சிம்பொனியை எழுதினார்.

2004-ம் ஆண்டு எலிசபெத் மகாராணியின் இசைத் தலைவர் பதவி அவரைத் தேடி வந்தது. சுமார் 400 ஆண்டுப் பழமை உள்ள பதவி. அதுவரை ஆயுள் உள்ள மட்டும் வகிக்கும் பதவியாக இருந்தது. முதல் முறையாக 10 ஆண்டு என்று வரம்பு கட்டி இவருக்குக் கொடுத்தார்கள்.

அரண்மனைப் பதவி கிடைத்தும் தீவை விட்டு அவர் நகரவில்லை. அப்போது அவர் வசித்தது சாண்டே என்ற மற்றொரு தீவில். 2005-ம் ஆண்டு அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. மின்சாரக் கம்பியில் மோதி ஓர் அன்னப் பறவை செத்துக் கிடந்தது. "வீணாகப் போவானேன்?" என்று டேவிஸ் அதைச் சமையலுக்கு எடுத்து வைத்தார். அன்னப் பறவையோ சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. மகாராணியின் இசைத் தலைவர் வீட்டுக்கே போலீஸ் வந்து விட்டது! அவர் பறவையைக் கொல்லவில்லை என்பதால் வழக்கு எதுவும் இல்லாமல் முடிந்தது.

ஆஸ்பத்திரியில் எழுதிய சிம்பொனி

2013-ம் ஆண்டு அவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். லண்டன் ஆஸ்பத்திரியில் படுத்தார். உடலில் மருந்து ஏறியது. கையில் பேனா ஓடியது. தமது பத்தாவது சிம்பொனியை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே எழுதினார். 2014-ம் ஆண்டு அது லண்டனில் அரங்கேறியபோது அவரும் உயிருடன் இருந்து கேட்டார்.

அதற்குப் பிறகும் அவர் ஓயவில்லை. குழந்தைகளுக்காக ஓர் இசை நாடகம் எழுதினார். வீட்டுப் பக்கத்தில் மண் மேட்டில் வசித்துக் குடும்பத்தைக் காக்கும் ஒரு குட்டிப் பூதத்தின் கதை. அதுவும் ஆர்க்னித் தீவுக் கதைதான்.

2016-ம் ஆண்டு மார்ச் 14-ந் தேதி, சாண்டே தீவில் தமது வீட்டில் டேவிஸ் காலமானார். வயது 81.

அதே ஆண்டு ஜூன் மாதம் அந்த இசை நாடகம் லண்டனில் அரங்கேறியது. நூற்றுக்கணக்கில் குழந்தைகள் பங்கு கொண்டார்கள். நடத்தியவர் யார் தெரியுமா? 38 ஆண்டுகளுக்கு முன் அவருடைய முதல் சிம்பொனியை நடத்திய அதே சைமன் ராட்டில்!

சங்கீதம் படிக்க ஒரு பையனுக்குப் பள்ளிக்கூடம் தடை போட்டது. அந்தப் பையன், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாட்டு எழுதியபடியே வாழ்வை முடித்தான்.

ஸ்ட்ராம்னெஸ் துறைமுகத்துக்கு இன்றும் கப்பல் வருகிறது, போகிறது. கல் பாவிய ஒடுங்கிய தெருவில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். சுற்றிலும் மாடுகள் புல் மேய்கின்றன.

அந்த ஊருக்கு டேவிஸ் ஒரு பிரியாவிடை இசை எழுதினார். ஆனால் சுரங்கத்துக்குப் பயந்து யாரும் அங்கிருந்து பிரிந்து போக நேரவில்லை.